ஊதாச் சட்டைக்காரர்களுக்கு ஒரு கேள்வி

2024 செப்டம்பர் 8 | கேள்வி, திருச்சி வாசகி

மாமனாருக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஐந்து வருஷம் ஆகிறது. என்னை "நர்ஸம்மா" என்று கூப்பிடுகிறார். அதில் எனக்கு வருத்தமில்லை, மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார். டயப்பருக்கும் பகலில் வருகிற ஆளுக்கும் மட்டும் மாதம் இருபத்திரண்டாயிரம் ஆகிறது. செப்டம்பர் வந்தால் போதும், வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊதாச் சட்டை போட்டு நடக்கிற படம் வாட்ஸப்பில் வந்துவிடும். கூடவே "ஆராய்ச்சிக்கு நிதி தாருங்கள்" என்று ஒரு லிங்க். நாற்பது வருஷமாக ஆராய்கிறார்கள். மாமனாருக்கு எழுதிக் கொடுத்திருப்பது டோனிபெசில், அது வந்தே கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இவ்வளவு பணமும் எங்கே போகிறது? நடக்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். சண்டைக்கு வரவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

2024 செப்டம்பர் 9, காலை

நடக்கிறவன் ஒருவன் இருக்கிறேன். சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில். 2016இலிருந்து ஒரு வருஷம் விடாமல் நடக்கிறேன். அம்மா கும்பகோணத்தில் இருந்தாள், அக்கா பார்த்துக்கொண்டாள். 2014இல் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். 2020 ஐப்பசியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். கொரோனா காலம், என்னால் போக முடியவில்லை. மாமா பையன் கொள்ளி வைத்ததை வீடியோவில் பார்த்தேன்.

கேட்டதற்குப் பதில்: கொடுக்கிற பணம் ஆராய்ச்சிக்குப் போகிறது. மருந்து இன்னும் வரவில்லை என்றால் ஆராய்ச்சி போதவில்லை என்றுதான் அர்த்தம்.

நடை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: இங்கே அல்சைமர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு 1989இல் இந்த நடையை ஆரம்பித்தது. அப்போது "மெமரி வாக்" என்று பெயர், 2011இல் "வாக் டு எண்ட் அல்சைமர்ஸ்" ஆனது. ஆளுக்கு ஒரு பூ கொடுப்பார்கள், காற்றாடி மாதிரி சுற்றும். நோய் உள்ளவருக்கு நீலம், நோய்க்கு ஒருவரைப் பறிகொடுத்தவருக்கு ஊதா, பார்த்துக்கொள்கிறவருக்கு மஞ்சள், ஆதரவுக்கு வந்தவருக்கு ஆரஞ்சு. முதல் வருஷம் எனக்கு இது தெரியாது. அழகாக இருக்கிறதே என்று நீலத்தை எடுத்துவிட்டேன். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என் கையைப் பிடித்தவர் கடைசிவரை விடவில்லை. பள்ளம் வந்தால் சொன்னார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். மூன்று தடவை என் பெயரைக் கேட்டார், சரியாகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் முதுகில் தட்டிக்கொடுத்தார். அமெரிக்கர்கள் இவ்வளவு அன்பானவர்களா என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். என் கையில் இருந்த பூவைப் பார்த்துவிட்டு மகள்தான் விஷயத்தை விளக்கினாள்.

2024 செப்டம்பர் 9, இரவு

காலையில் எழுதியதை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. ஒருவர் இருபத்திரண்டாயிரம் என்று எழுதியிருக்கிறார், நான் பூக்கதை சொல்லியிருக்கிறேன். அக்கா ஒரு தடவை போனில் சொன்னாள்: "நீ வருஷத்துக்கு ஒரு நாள் நடக்கிறே. நான் தினம் ஓடுறேன்."

2024 செப்டம்பர் 12

முதல் குறிப்பில் ஒரு தப்பு. "ஆராய்ச்சிக்குப் போகிறது" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். இங்கே இப்படிப்பட்ட அமைப்புகள் வருஷா வருஷம் 990 என்ற படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எட்டு வருஷம் நடந்தவன் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. நேற்று பார்த்தேன். ஆராய்ச்சிக்கு ஒரு பங்குதான். மீதி 24 மணி நேரத் தொலைபேசி உதவி, குடும்பங்களுக்கு வகுப்புகள், விழிப்புணர்வு, சம்பளம், அப்புறம் பணம் திரட்டுவதற்கே ஆகிற செலவு. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, நான்தான் படிக்கவில்லை. ஆராய்ச்சிக்கு மட்டும்தான் கொடுப்பேன் என்கிறவர்களுக்கு வேறு இடம் உண்டு. 2004இல் தொடங்கிய கியூர் அல்சைமர்ஸ் ஃபண்டில் நிர்வாகச் செலவை இயக்குநர்களே தங்கள் கையிலிருந்து போட்டுக்கொள்கிறார்கள், நன்கொடை முழுவதும் ஆராய்ச்சிக்கு.

படிவத்தை மூடிய பிறகு வேறொரு கணக்குப் போட்டேன், அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. அமெரிக்கா முழுக்க அறுநூறு ஊர்களில் நடந்து திரட்டுவது வருஷத்துக்குச் சுமார் 10 கோடி டாலர். அரசாங்கத்தின் தேசிய சுகாதார நிறுவனம் இந்த நோய்க்கும் இதன் வகையறாவுக்கும் வருஷத்துக்குச் செலவிடுவது 380 கோடி டாலர். நாங்கள் சட்டை நனைய நடந்து கொண்டுவருவது அதன் பக்கத்தில் சில்லறை.

ஆனால் அந்த 380 கோடி 2011இல் 44.8 கோடியாகத்தான் இருந்தது. பதிமூன்று வருஷத்தில் எட்டு மடங்குக்கு மேல். யாரும் தானாகத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை, கேட்டுக் கேட்டு வாங்கியது. ஆகவே உங்கள் கேள்வியை நான் இப்படித் திருப்பிக்கொள்கிறேன்: நடை எவ்வளவு திரட்டியது என்பதைவிட, நடந்தவர்களைப் பார்த்து அரசாங்கம் எவ்வளவு கொடுத்தது?

இதற்குப் பழைய கதை ஒன்றும் உண்டு. 1970கள்வரை "அல்சைமர்" என்றால் ஐம்பது அறுபது வயதில் வருகிற அபூர்வ நோய். 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் பார்த்த அகஸ்டே டேட்டருக்கு வயது 51. எண்பது வயதுக்காரருக்கு வந்தால் அது மூப்பு, அவ்வளவுதான். 1976இல் ராபர்ட் காட்ஸ்மன் என்ற நரம்பியலாளர், இரண்டும் ஒரே நோய், அப்படிச் சேர்த்து எண்ணினால் அமெரிக்காவில் அதிகம் பேரைக் கொல்கிற நோய்களில் இதுவும் ஒன்று என்று எழுதினார். முதுமைக்கான தேசிய நிறுவனத்தின் முதல் இயக்குநர் ராபர்ட் பட்லர் அதைப் பிடித்துக்கொண்டார். "முதுமை" என்று கேட்டால் எந்த அரசாங்கமும் பணம் தராது, ஒரு நோயின் பெயரைச் சொன்னால் தரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1980இல் அசோசியேஷன் இதே சிகாகோவில் பிறந்தது. முன்னின்றவர் ஜெரோம் ஸ்டோன், அட்டைப்பெட்டி கம்பெனி நடத்தியவர். மனைவி எவ்லினுக்கு 1970இல் இந்த நோய் என்று சொன்னபோது விசாரிக்க ஓர் இடம் கூட இல்லாமல் அலைந்த மனிதர்.

2024 செப்டம்பர் 14

செய்தி பார்த்தேன், 10ஆம் தேதி பிரான்சிஸ்கோ லோபேரா காலமாகிவிட்டார். கொலம்பிய நரம்பியலாளர். "பணம் எங்கே போகிறது" என்று கேட்ட திருச்சிச் சகோதரிக்கு அது போன இடங்களில் ஒன்றைக் காட்டலாம். மெதெயின் நகரைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் சில குடும்பங்களுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் நினைவு கழலத் தொடங்கிவிடும். ஊர்க்காரர்கள் "லா போபேரா" என்பார்கள், பேதைத்தனம் என்று பொருள். நம் ஊரில் "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்பது போல. ஆறாயிரம் பேர் அளவுக்கு விரிந்த அந்தச் சொந்தபந்தத்தில் ஒரே மரபணுக் கோளாறு ஓடுவதைக் காட்டியவர் லோபேரா. கொள்ளைக் கும்பலும் கெரில்லாப் படைகளும் இருந்த காலத்தில் அந்த மலைகளில் ஏறி ரத்தம் எடுத்தவர்.

அந்த மக்கள் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ரத்தம், முதுகுத்தண்டு நீர், பல வருஷம் மருந்துப் பரிசோதனைக்கு உடம்பு, செத்த பிறகு மூளை. கிரெனெசுமாப் மருந்தை அவர்கள் மேல்தான் சோதித்தார்கள், 2022இல் பலன் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் அலிரியா பியத்ரஹீதா என்ற பெண்மணிக்கு அந்தக் கோளாறு இருந்தும் எழுபது வயதுவரை நினைவு நின்றது. அவரிடம் இருந்த இன்னொரு அபூர்வ மரபணு மாற்றம் தடுத்திருக்கலாம் என்று 2019இல் வெளியிட்டார்கள். இப்போது அதைப் பார்த்து மருந்து செய்ய முயல்கிறார்கள்.

நான் வருஷத்துக்கு ஐந்நூறு டாலர் கொடுத்துவிட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

2024 செப்டம்பர் 17

கோவை நண்பர் "எல்லாமே ஏமாற்று, அந்த 2006 கட்டுரையே போலி" என்று எழுதியிருக்கிறார். பாதி சரி. நேச்சர் இதழில் 2006இல் வந்த, ஒருவகை அமிலாய்டுப் புரதம் எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்ற கட்டுரை இந்த ஜூனில்தான் திரும்பப் பெறப்பட்டது. படங்களில் கை வைத்திருக்கிறார்கள் என்று மேத்யூ ஷ்ராக் என்ற இளம் டாக்டர் கண்டுபிடித்து, சயன்ஸ் இதழ் 2022இல் அம்பலமாக்கியது. பதினெட்டு வருஷம்! அதை நம்பி எத்தனை மாணவர்கள் ஆய்வகத்தில் இரவெல்லாம் விழித்திருப்பார்களோ. ஆனால் மூளையில் அமிலாய்டு படிவதுதான் நோய்க்குக் காரணம் என்கிற அமிலாய்டுக் கொள்கை முழுவதும் அந்த ஒரு கட்டுரையின் மேல் நிற்கவில்லை. ஒரு தூண் போலி என்றால் கட்டடமே போலி என்று ஆகாது, மற்ற தூண்களையும் தட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

எனக்கு உறுத்துவது வேறு. 2021இல் அடுகானுமாப் என்ற மருந்து வந்தது. அரசு அமைத்த நிபுணர் குழுவில் பலன் நிரூபணமானது என்று ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. அதையும் மீறி அனுமதி கிடைத்தது. அனுமதி கொடுங்கள் என்று கேட்டவர்களில் எங்கள் அசோசியேஷனும் உண்டு, மருந்துக் கம்பெனிகளிடமும் நன்கொடை வாங்குகிற அசோசியேஷன். விலை வருஷத்துக்கு 56,000 டாலர் என்று வந்ததும் இதை ஏற்கவே முடியாது என்று அவர்களே அறிக்கை விட்டார்கள். இந்த ஜனவரியில் கம்பெனியே மருந்தைக் கைவிட்டது. நோயாளிகளின் குரல் என்று சொல்லிக்கொண்டு போகிறவர்கள் எந்த மருந்தானாலும் சரி என்று கத்தினால், அடுத்த தடவை அந்தக் குரலுக்கு யார் காது கொடுப்பார்கள்? அந்த வருஷம் நடப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். நடந்தேன். அம்மாவுக்காக முதல் ஊதாப் பூ கையில் எடுத்த கூட்டம் அதுதான், விட மனமில்லை.

அடுத்த மருந்து லெகனெமாப்: 2023இல் முழு அனுமதி. "27 சதவீதம் மெதுவாக்குகிறது" என்று தலைப்புப் போட்டார்கள். நோயின் தீவிரத்தை அளக்கிற 18 புள்ளி அளவுகோலில் ஒன்றரை வருஷத்தில் 0.45 புள்ளி வித்தியாசம் என்று யாரும் தலைப்புப் போடவில்லை. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி, மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று ஸ்கேன், வருஷத்துக்கு 26,500 டாலர். பிரிட்டனில் போன மாதம் மருந்துக்கு அனுமதி கொடுத்த அன்றைக்கே, விலைக்கேற்ற பலன் இல்லை, அரசு செலவில் கொடுக்க முடியாது என்ற வரைவு முடிவும் வந்தது. திருச்சிக்கு இது எதுவும் இப்போதைக்கு வந்து சேராது. வந்தாலும் உங்கள் மாமனார் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இதை எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன்.

2024 செப்டம்பர் 22

நேற்று நடந்துவிட்டு வந்தேன். மழை. உலக அல்சைமர் தினத்தை ஒட்டி வந்த சர்வதேச அறிக்கையில் ஒரு கணக்கு: பொதுமக்களில் 80 சதவீதம் பேர் இது வயசானால் வருவதுதான் என்று நினைக்கிறார்களாம். 2019இல் கேட்டபோது 66. விழிப்புணர்வு நடத்த நடத்த ஏறியிருக்கிறது! சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கேலி இருக்கட்டும். பொங்கல் விழாவில் நான் உண்டியலோடு உட்காருவது வழக்கம். தமிழர்கள் வருவார்கள், பதாகையைப் படிப்பார்கள், "கேன்சருக்கா?" என்பார்கள். இல்லை என்று சொன்னால் "ஓ" என்று நகர்வார்கள். அப்புறம் கூட்டம் குறைந்ததும் அதே ஆட்களில் ஒருவர் தனியாக வந்து குரலைத் தாழ்த்தி, "எங்க மாமியாருக்கும் கொஞ்சம் அப்படித்தான்" என்பார். போன பொங்கலுக்கு ஏழு பேர். ஏழு பேருமே கடைசியில் சொன்னது ஒன்றுதான்: யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ஐ.டி. காரர்களுக்கு ஓர் உபயோகமான விஷயம்: உங்கள் கம்பெனி மேட்சிங் தருகிறதா பாருங்கள். நீங்கள் நூறு கொடுத்தால் கம்பெனியும் நூறு போடும். படிவம் நிரப்ப மூன்று நிமிஷம். நம் ஆட்கள் கூப்பன் தேடி அரை மணி நேரம் உட்காருவார்கள், இதைச் செய்ய மாட்டார்கள். நானும் மூன்று வருஷம் செய்யவில்லை.

2024 செப்டம்பர் 23

"நீங்கள் மட்டும் எல்லோரிடமும் சொன்னீர்களாக்கும்?" என்று திருச்சியிலிருந்து கேள்வி. குறி தப்பாத கேள்வி. பதில் பிறகு.

2024 அக்டோபர் 2

நேற்று அதிபர் பைடன் இரண்டு மசோதாக்களில் கையெழுத்துப் போட்டார். 2011 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட தேசிய அல்சைமர் திட்டச் சட்டத்தை 2035வரை நீட்டுவது ஒன்று. இந்த நோய்க்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று விஞ்ஞானிகளே நாடாளுமன்றத்துக்கு நேரடியாகக் கணக்குக் கொடுக்கிற ஏற்பாட்டைத் தொடர்வது இன்னொன்று. 2011 சட்டத்தின் கீழ் போட்ட திட்டத்தில், 2025க்குள் நோயைத் தடுக்கவும் பலன் தரும்படி சிகிச்சை செய்யவும் வழி காண்போம் என்று இலக்கு வைத்தார்கள். 2025க்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. சரி.

அந்த முதல் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் எட்வர்ட் மார்க்கி ஒருவர். அவர் அம்மாவுக்கு இந்த நோய். அப்பா பால்காரர், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவர். மேடைக்கு மேடை இதைச் சொல்வார். கட்சி வேறுபாடு இல்லாமல் இந்த மசோதாக்கள் தேறுவதற்குக் காரணம் தத்துவம் ஒன்றுமில்லை, ரெண்டு கட்சியிலும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

மசோதாவுக்கு ஆதரவு கேட்க நானும் ஒரு தடவை போயிருக்கிறேன், வாஷிங்டனுக்கு இல்லை, எங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு. பதினைந்து நிமிஷம் கொடுத்தார்கள். போவதற்கு முன்னால் பயிற்சி: உங்கள் கதை இரண்டு நிமிஷம், கேட்பது ஒன்றே ஒன்று, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் பதினோரு நிமிஷம் பேசினேன். டிகிரி காபி வந்தது, மகாமகக் குளம் வந்தது, மசோதா வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்மணி என் காலை மிதித்தார். எதிரே உட்கார்ந்திருந்தது பிரதிநிதி இல்லை, அவருடைய உதவியாளர், இருபத்துநாலு வயசுப் பையன். நான் நிறுத்தியதும் அவன் பேனாவை வைத்துவிட்டு, "எங்கள் பாட்டி தன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போகணும் என்று கேட்பார், உங்கள் அம்மாவும் கேட்பாரா?" என்றான். கேட்பாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு.

சேத் ரோகன் என்ற சிரிப்பு நடிகர் 2014இல் செனட் குழு முன்னால் மாமியாரின் நோயைப் பற்றிப் பேசினார். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கேட்டு வரவில்லை என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். பேசி முடிக்கும்போது இரண்டு செனட்டர்கள்தான் மிச்சம். அதை அவரே வெளியில் சொல்லிக் கேலி செய்ய, காலியாய்க் கிடந்த நாற்காலிகள் நாடு முழுக்கச் செய்தியாகின. என்னுடைய பதினோரு நிமிஷத்தைக் கேட்க ஒருவன் முழுதாக உட்கார்ந்திருந்தான் என்று ஆறுதல்பட்டுக்கொள்கிறேன்.

2024 அக்டோபர் 6

தபால்தலை பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். (மறந்துவிட்டேன் என்று இந்த இழையில் எழுதவே பயமாக இருக்கிறது.) கேத்தி சிக்கின்ஸ் என்ற மேரிலாந்துப் பெண்மணி, கணவர் இந்த நோயில் இறந்த பிறகு, விலைக்கு மேல் சில சென்ட் கூடுதலாக வைத்து அந்தக் கூடுதலை ஆராய்ச்சிக்குத் தருகிற தபால்தலை வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார். மார்பகப் புற்றுநோய்க்கு 1998இலேயே அப்படி ஒன்று வந்திருந்தது. இவர் பதினெட்டு வருஷம் கேட்டார். 2017 நவம்பர் 30 அன்று வந்தது. அதற்குள் கடிதம் எழுதுகிற வழக்கமே போய்விட்டது. புற்றுநோய்த் தலை ஒன்பது கோடி டாலருக்கு மேல் திரட்டியது, இது பத்து லட்சத்தைச் சற்றுத் தாண்டியது. ஆனாலும் நான் நாலு தாள் வாங்கி வைத்திருக்கிறேன். யாருக்குக் கடிதம் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

2024 அக்டோபர் 15

"இதெல்லாம் அமெரிக்கக் கதை, இங்கே என்ன?" என்று மதுரைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்.

1998இல் கொச்சியில் நடந்த ஒரு மாநாட்டில் "10/66" என்ற ஆய்வுக் குழு பிறந்தது. பெயரே குற்றச்சாட்டு: டிமென்ஷியா (அல்சைமரும் அது போன்ற மறதி நோய்களும்) உள்ளவர்களில் 66 சதவீதம் ஏழை, நடுத்தர நாடுகளில், அங்கே நடப்பதோ ஆராய்ச்சியில் 10 சதவீதத்துக்கும் குறைவு. சென்னையிலும் வேலூர்ப் பக்கமும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். அதற்கும் முன்னால், பள்ளிக்கூடமே போகாதவரிடம் எழுதிக் காட்டு, படித்துக் காட்டு என்று கேட்கிற மேல்நாட்டுத் தேர்வை ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக மாற்றி அமைத்த வேலை இருக்கிறது. வாசிக்கத் தெரியாததை நோய் என்று எண்ணிவிடக் கூடாதே.

2014இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் தம்பதியின் அறக்கட்டளை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு மூளை ஆராய்ச்சி மையம் அமைக்க 225 கோடி ரூபாய் கொடுத்தது. அந்த மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் தாலுக்காவில் பத்தாயிரம் கிராமத்தவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனிக்கத் திட்டம் போட்டது, ரத்தம், ஸ்கேன், நினைவுச் சோதனை எல்லாம் சேர்த்து. இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்பது 2023இல் வந்த மதிப்பீடு. அந்த 88 லட்சம் வீட்டிலும் ஒரு நர்ஸம்மா இருப்பார்.

என் புகார் ஒன்று. நம் ஊரில் பெரிய பணம் வருகிறது, கட்டடமும் வருகிறது. குடும்பங்களின் கூட்டம்தான் இல்லை. 1992இல் கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கம் இருக்கிறது, சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு மறதி நோயாளிகளுக்காக நடத்துகிற டெம்கேர்ஸ் இருக்கிறது. நான் சொல்வது அலுவலகத்துக்குப் போய் காபியும் குளமும் பேசுகிற கூட்டத்தை. எம்.எல்.ஏ.விடம் சாலை கேட்போம், தண்ணீர் கேட்போம். "எங்கள் அப்பாவுக்கு நினைவு போய்விட்டது, அரசு ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாள் இதற்கென்று ஓ.பி. வையுங்கள்" என்று மனு கொடுத்த யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

அப்புறம், செப்டம்பர் 23இல் தள்ளிப்போட்ட பதில். இல்லை, நான் சொல்லவில்லை. இங்கே பதாகைக்குக் கீழே அம்மா படத்தை மாட்டி உண்டியல் குலுக்கினேன். கும்பகோணத்தில் யார் கேட்டாலும் "சர்க்கரை, அதான் தலைசுற்றல்" என்று சொல்லச் சொல்லி அக்காவுக்கு உத்தரவு. தங்கையின் பெண்ணுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் விடியற்காலை அம்மா கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். நாலு மணி நேரம். மகாமகக் குளக்கரையில் உட்கார்ந்திருந்தவளைப் பூக்காரி அடையாளம் கண்டு அழைத்து வந்தாள். தெருவில் அத்தனை பேரும் அவள் போவதைப் பார்த்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்தார்களாம். அவர்களுக்கு என்ன தெரியும், நாங்கள் சொன்னால்தானே.

பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில், இறந்தவர்களின் மூளையை ஆராய்ச்சிக்காக வாங்கி வைக்கிற மூளை வங்கி இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரியும். அம்மா போனபோது அக்காவிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கொரோனா, தூரம், நேரம் என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். கேட்கப் பயம், அவ்வளவுதான். கொலம்பியாவைப் பற்றி அன்றைக்கு அவ்வளவு உருகி எழுதியவன் நான்தான்.

2024 அக்டோபர் 28

டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர்: "எங்கட ஊரில் அறளை பேர்ந்திட்டுது எண்டுதான் சொல்லுறது." எங்கள் பாட்டியும் அறளை என்பாள்! வயதாகிப் புத்தி தடுமாறுவதற்குச் சொல்வது, இருபது வருஷமாகக் காதில் விழாத சொல். ஆனால் அந்தச் சொல் வந்தால் "வயசு, விடு" என்ற அர்த்தமும் கூடவே வந்துவிடுகிறது. காட்ஸ்மன் 1976இல் முட்டிக்கொண்டது இந்தச் சுவரில்தான்.

திருச்சி: ஆராய்ச்சியால் எங்களுக்கு உடனடியாகக் கிடைப்பது என்ன என்று மறுபடியும் கேட்டீர்கள். இந்த ஜூலையில் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புள்ள காரணங்கள் பதினாலு என்று பட்டியல் போட்டது. எல்லாவற்றையும் சரிசெய்தால் கிட்டத்தட்ட பாதி, 45 சதவீதம் வராமலோ தாமதமாகவோ செய்யலாமாம். நடுவயதுக்கு மேல் காது மந்தம் பெரிய காரணங்களில் ஒன்று. அக்காவுக்கு அறுபத்தாறு, டி.வி. சத்தம் தெருமுனைவரை கேட்கிறது. காது மெஷின் வாங்கிக்கொடுத்தேன். அலமாரியில் இருக்கிறது.

2024 நவம்பர் 17, கும்பகோணம்

அம்மா திதிக்கு வந்திருக்கிறேன். திதி முடிந்து மூன்றாம் நாள் இங்கே ஒரு பென்ஷனர் சங்கத்தில் பேசச் சொன்னார்கள். நானே கேட்டு வாங்கியது என்பதுதான் உண்மை. நாற்பது நாற்காலி, முப்பது பேர், ஒரு மின்விசிறி. இந்தத் தடவை இரண்டு நிமிஷத்தில் முடித்தேன்: அம்மாவுக்கு இந்த நோய் இருந்தது, ஆறு வருஷம் ஊரிடம் மறைத்தோம். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மறைத்தோம் என்றபோது நிமிர்ந்து பார்த்தாள், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

பணம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். பாதி சென்னையில் ஒரு பகல்நேரக் காப்பகத்துக்கு, பாதி ஆராய்ச்சிக்கு என்றேன். திருச்சி சகோதரியோடு இந்த இரண்டு மாதம் வாதாடியதில் நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். சங்கத்துப் பொருளாளரே ரசீது போட்டார். 14,350 ரூபாய் சேர்ந்தது.

முதலில் எழுந்து வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஐந்நூறு ரூபாய் கொடுத்தார், ரசீதில் தன் பெயருக்கு இனிஷியல் விட்டுப்போனதைத் திருத்தச் சொல்லி வாங்கிக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து, காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மறுபடி வரிசையில் நின்றார். இன்னொரு ஐந்நூறு. "நான்தான் இன்னும் என் பங்கு கொடுக்கல, தம்பி." பொருளாளர் பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான், "சார், நீங்க கொடுத்துட்டீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்தார், இனிஷியலைப் பார்த்தார், மடித்து உள்ளே வைத்தார். "ஆமாமா" என்றார்.

அவர் மனைவி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பி வந்தார். கணவரை ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, "பேச்சில் சொன்னீங்களே, அந்தத் தஞ்சாவூர் டாக்டர், என்றைக்கு வருவார்?" என்றார். எழுதக் காகிதம் தேடினேன். அவரே கணவரின் பையிலிருந்து எடுத்து வந்த ரசீதைத் திருப்பி நீட்டினார். பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: செவ்வாய், வியாழன், காலை பத்து மணி.